உபதேசியார் மனைவிக்கு வந்த அழைப்பு

கொட்டாஞ்சேனைத் தமிழ் பப்ரிஸ்ற் சபையில் உபதேசியாராக இருந்த கிளெமென்றுக்குத் தன் மனைவிமேல் பொறாமை. அவளை வேறு யாரும் பார்த்துவிடுவார்களோ என்கிற பொறாமை அல்ல. அதுவென்றால் பெண்ணுக்கு உள்ளூர ஒரு பெருமையாவது இருக்கும். இது வேறு. தான் பேசினால் கொட்டாவி விடுகிற சனம், அவள் பேசினால் அசையாமல் இருந்து கேட்கிறதே என்ற வயிற்றெரிச்சல்.

நான் பேர்ணடெற். அந்தச் சபையில் ஆர்மோனியம் வாசித்தவள், அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. பிறப்பால் கத்தோலிக்கம். கலியாணம் முடித்த பிறகுதான் சபைத் தொட்டியில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். பொய் சொல்வேன் என்று யாரும் சொன்னதில்லை.

கிளெமென்ற் கெட்ட மனிதர் அல்ல. ஆஸ்பத்திரியில் பார்க்க ஆளில்லாமல் கிடப்பவர்களைத் தேடிப் போவார். செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவார். பிரசங்கம்தான் வராது, ஆசையோ அதில்தான். தலைப்பு, உட்தலைப்பு என்று எழுதிக்கொண்டு வந்து வாசிப்பார். கடைசி வாங்குப் பலகையில் குறட்டை கேட்கும்.

அவர் மனைவி நாகேஸ்வரி எதையும் எழுதுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்து, ஞானஸ்நானத்துக்குப் பிறகும் பெயரை மாற்ற மாட்டேன் என்று நின்றவள். அடுப்படியில் கதைப்பது போலவே சுவிசேஷத்தையும் கதைப்பாள். புதன்கிழமைகளில் வெள்ளவத்தையில் மில் வேலைக்காரப் பெண்களுக்குக் கூட்டம் வைப்பாள். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று கிளெமென்ற் போனார். வாசலில் நின்ற பெண் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அக்கா வரலைங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

"நீ அவையளைச் சிரிக்க வைக்கிறாய். சுவிசேஷத்தில என்ன சிரிப்பு?"

"சிரிக்கிற ஆக்கள்தான் பிறகு அழுகினம்" என்றாள் அவள்.

மறுவாரம் அவள் கூட்டத்துக்கு அவரும் கூடப் போனார். அவள் பேசப் பேசப் பின்னால் இருந்து இருமினாராம்.

அப்படி இருக்கையில்தான் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களில் தமிழ்ச்சனம் நிறைய இருந்தது. அவர்கள் நடுவில் வேலை செய்ய ஒரு குடும்பம் வேண்டும் என்று மிஷன் கேட்டிருக்கிறது என்ற செய்தி சபைக் கூட்டத்துக்கு முன்பே பரவிவிட்டது. கிளெமென்ற் புதுக் கோட்டுத் தைக்கக் கொடுத்தார். முகமே மாறிவிட்டது. என்னைக் கண்டால்கூடச் சிரித்தார்.

எங்களுக்குப் பிஷப் கிடையாது. எதையும் சபைக் கூட்டத்தில் கை உயர்த்தித்தான் தீர்ப்போம். ஆணுக்கு ஒரு கை, பெண்ணுக்கும் ஒரு கை. யாரைப் பற்றிக் கதைக்கிறோமோ அவர் எழும்பி வெளியே போய் நிற்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். கூட்டத்தை நடத்திய வெள்ளைக்கார மிஷன் துரை நேட்டால் விஷயத்தை எடுத்ததுமே கிளெமென்ற் எழும்பினார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாங்கு வரிசைகளின் நடுவழியே நிமிர்ந்து நடந்து வாசல்வரை போய்விட்டார்.

துரை புத்தகத் தமிழ் பேசுகிறவர். "உபதேசியாரே, தாங்கள் இருக்கலாம். வெளியே செல்லவேண்டியவர் தங்கள் மனைவியார்" என்றார்.

தோட்டத்துப் பெண்கள் நடுவில் ஊழியம் செய்ய ஒரு பெண்ணைத்தான் கேட்டிருந்தார்கள். புருஷனும் கூடப் போகலாம், அவ்வளவுதான். கிளெமென்ற் அந்த நடுவழியே திரும்பி நடந்து வந்தார். நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது. அவரைக் கடந்து போன நாகேஸ்வரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அவள் கால் நிலத்தில் படவில்லை. அவ்வளவு ஆசை அவளுக்கு.

கை உயர்த்துமுன், யாருக்கும் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று துரை கேட்டார். கிளெமென்ற் எழும்பினார்.

"சொல்ல விருப்பமில்லை. நாகேஸ்வரிக்கு நெஞ்சு வருத்தம். கப்பல் பயணம் கூடவே கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

சபை உச்சுக் கொட்டியது. எனக்கே அது புதினம், ஆனால் ஒரு புருஷன் சபை நடுவில் நின்று சொல்கிறான், எப்படிச் சந்தேகப்படுவது? எடுத்த விஷயத்தைத் துரை கைவிட்டார். நாகேஸ்வரி உள்ளே வந்ததும் நான்தான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"நெஞ்சு வருத்தத்தை எங்களுக்கும் சொல்லாமல் வைச்சிருந்தியே பிள்ளை!"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே அவள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். நானென்றால் விட்டிருப்பேன்.

"சொல்லி என்ன அக்கா" என்றாள்.

அதோடு அவள் நோயாளி ஆனாள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள், ஒருத்தி ரசம் கொண்டுவந்தாள். படியேறாதே, பஸ்ஸில் போகாதே என்று ஆளுக்கொரு கட்டளை. புதன்கிழமைக் கூட்டத்தைக் கிளெமென்றிடம் கொடுத்தார்கள். அவர் ஆசைப்பட்ட சனம் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து, "அக்காவுக்கு இப்ப எப்படிங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிரசங்கத்தைப் பற்றி ஒருத்தியும் மூச்சுவிடவில்லை. இல்லாத அந்த நோயின்மேலும் மனிதருக்குப் பொறாமை வந்துவிட்டது. "எந்த நேரமும் உன்னைத்தானே விசாரிக்கினம்!" என்று கத்தியது எனக்கே கேட்டது.

நேட்டாலுக்கு வேறோர் ஊர்க் குடும்பம் தெரிவானது. அவர்கள் கப்பல் கொழும்பில் நின்றபோது நாங்கள் எல்லோரும் துறைமுகத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடி வழியனுப்பினோம். நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் தோளைப் பிடித்து, "நீ பாடாதை, நெஞ்சுக்குக் கூடாது" என்றாள். நாகேஸ்வரி வாயை மூடிக்கொண்டாள். எங்கள் சபையில் நல்ல குரல் அவளுடையதுதான். கிளெமென்ற் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊதல் ஊதி, கப்பல் அலைதடுப்பைத் தாண்டும்வரைக்கும் அவள் அப்படியே நின்றாள். எங்களோடு திரும்பி நடக்க அவருக்குத்தான் கால் எழவில்லை.

அடுத்த சபைக் கூட்டத்தில், யாரும் கேளாமலே எழும்பினார்.

"நாகேஸ்வரிக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவவைக் கூப்பிட்டவை, என்னைக் கூப்பிடேல்லை. பொறாமையில பொய் சொன்னனான்."

சொல்லிவிட்டுத் தானாகவே வெளியே போய் நின்றார். இவர் இனிப் பிரசங்கிக்கலாமா என்று துரை கேட்டார். அவ்வளவு நாளும் குறட்டை விட்ட சனத்துக்குக் கண்ணீர் முட்டியது. இப்படித் தன்னைத் தாழ்த்துகிறவனை எங்கே காணலாம் என்றார்கள். பிரசங்கிக்கலாம் என்று சபை முழுக்கக் கை உயர்த்தியது. என் கையும்தான் உயர்ந்தது.

"மறுப்பவர்கள்?" என்று துரை வழக்கப்படி கேட்டார். என் பக்கத்தில் நாகேஸ்வரியின் கை நேராக உயர்ந்து நின்றது. துரை அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கிளெமென்றை உள்ளே கூப்பிட்டு எல்லோரும் கை குலுக்கினார்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். மனிதர் பாரம் இறங்கிய ஆறுதலில் இருந்தார்.

"எல்லாரும் கை உயர்த்தினவையோ?" என்று கேட்டார்.

"ஒராள் மறுத்தது" என்றாள் நாகேஸ்வரி.

"ஆர்?"

"நான்."

அவர் நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை.

"சபைக்கு மன்னிக்கிறது லேசு" என்றாள். "கப்பல் போனது எனக்கல்லோ."

புதன்கிழமை வந்ததும் நாகேஸ்வரி தனியே பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனாள்.