இரண்டு குழுவிலும் நான்தான்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மழையில் நடந்தது இது. எங்கள் ஊர் ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். சுற்றிலும் கம்பெனிகள். நெல் விளைந்த கழனியில் எல்லாம் இப்போது அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் வீடு ரோட்டை ஒட்டி மேட்டில் இருக்கிறது. பின்பக்கம் எங்களுடைய கழனி ஒன்று பள்ளமாகக் கிடந்தது. அதில் மூன்று அறைகள் கட்டி, கம்பெனியில் வேலை செய்கிற பெண்களுக்கு விட்டிருந்தேன்.

நான் மகளிர் குழுத் தலைவி. எந்தத் திட்டம் வந்தாலும் கையெழுத்துப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் ஊரில் இரண்டு குழு போட்டார்கள். பருவமே மாறிப்போய் வெயில் கூடிவிட்டதே, கோடைத் தண்ணீருக்கு என்ன செய்வது என்று பார்க்க ஒன்று. வெள்ளம், புயல் வந்தால் ஜனங்களை அப்புறப்படுத்த இன்னொன்று. அதற்கு ஒரு அதிகாரி, இதற்கு ஒரு அதிகாரி. ஸ்ரீபெரும்புதூரில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பயிற்சி வைத்தார்கள். இரண்டிலும் அதே லெமன் சாதம், அதே துணிப்பை. இரண்டு அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்ததாகவே தெரியவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் நான் உட்கார்ந்திருந்தேன். "இன்னாக்கா, அங்கயும் நீதான், இங்கயும் நீதானா?" என்று குழுவில் ஒருத்தி கேலி செய்தாள். எனக்கு அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது.

தண்ணீர்க் குழுவில் நாங்கள் செய்தது இதுதான். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கு ஒரு கலங்கல் இருக்கிறது. அதன் மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கினால் இன்னும் ஓர் அடி தண்ணீர் நிற்கும், போர்க் கிணறு எல்லாம் ஊறும் என்று முடிவு செய்தோம். சும்மா சொல்லவில்லை. அதற்கு முந்தைய கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்கு மூன்று மணி நேரம் குடத்தோடு நின்றவர்கள் நாங்கள். வெயிலில் மயங்கி விழுந்த ஒருத்தியை நானே தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். அந்தக் கோபத்தில் ஐப்பசியிலேயே மூட்டையை அடுக்கிவிட்டோம். முதல் மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தது நான்தான்.

வெள்ளக் குழுவில் எனக்குக் கொடுத்த வேலை பட்டியல். தண்ணீர் வந்தால் யார் யாரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று வீடு வீடாக எழுத வேண்டும். எப்போதும் கலங்கல் வழிந்து ஓடுகிற பக்கத்தில்தான் தண்ணீர் வரும். அதனால் அந்தப் பக்கத்துத் தெருவை எழுதினேன். ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, கார்டில் இருக்கிற பெயரை எல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன். கர்ப்பிணி யார், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் யார் என்பதுவரை இருந்தது. அதிகாரி என்னைப் பாராட்டினார். என் அறைகளில் இருந்த ஒன்பது பெண்களுக்கும் கார்டு அவரவர் சொந்த ஊரில். அவர்களை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அறைக்கு மூன்று பேர். மூவருக்கும் வேறு வேறு ஷிப்ட். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவள் காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டால், மதியம் திரும்பி வருகிறவள் கதவைத் தட்டி எழுப்ப வேண்டும். திறந்து போட்டுத் தூங்கவும் பயம். அதனால் வெளியே பூட்டிவிட்டுச் சாவியை வீட்டுக்காரி வைத்துக்கொள்வாள். மதியம் வருகிறவள் சாவியை வாங்கிச் சத்தமில்லாமல் திறப்பாள். எங்கள் பக்கத்தில் அறை விடுகிற பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். உள்ளே ஒருத்தி தூங்குகிறாள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. அதுதான் அவர்களுக்கும் நிம்மதி.

அன்று மூன்றாவது நாளாக மழை. முதல் நாள் இரவே கரண்ட் போய்விட்டது. எந்த மழைக்கும் கம்பெனி பஸ் நிற்பதில்லை. ஏழரைக்கு நைட் ஷிப்ட் பெண் வந்து இறங்கினாள். தென்காசிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். மற்ற இரண்டு அறைகளில் இருந்த ஆறு பேரும் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். அவளுடைய அறைத் தோழிகளில் ஒருத்தியும் ஊரில். இன்னொருத்தி விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். "அக்கா, பூட்டிருங்க, நான் படுக்கேன்" என்றாள். எட்டு மணிக்குப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகினேன்.

ஒன்பதரைக்கு ஏரி ததும்புகிறது என்று செய்தி வந்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தத் தெருவில் வராதவர்களைத் திட்டினேன், கெஞ்சினேன், ஆட்டுக்குட்டியைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு மணிக்குள் எல்லாப் பெயருக்கும் டிக் போட்டாயிற்று. காலெல்லாம் கெஞ்சியது. வெள்ளக் குழு அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்து, "எல்லாரும் வந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார். "வந்துட்டாங்க சார், ஒருத்தர் பாக்கி இல்ல" என்றேன். யாரோ டீ கொடுத்தார்கள். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தேன்.

அந்தத் தெருவில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இவ்வளவு மழைக்கு வெள்ளம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் விடியற்காலை ஷிப்டுக்குப் போனவள் தலை முதல் கால்வரை நனைந்து வாசலில் நின்றாள். மழையால் சீக்கிரமே விட்டுவிட்டார்களாம். "அக்கா, ஒங்க வீட்டுக்குப் பொறத்தால முழுசும் தண்ணியாக் கெடக்கு. அவ எங்க? இங்க வந்துட்டாளா?" என்று உள்ளே தேடினாள். என் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. அப்படியே ரோட்டுக்கு ஓடினேன். என்னை எவ்வளவு திட்டினாலும் தகும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நடந்தது என்னவென்றால், கலங்கலில் மூட்டை இருந்ததால் தண்ணீர் அந்தப் பக்கம் போக முடியவில்லை. கரையில் தாழ்வாக இருந்த வேறோர் இடத்தில் உடைத்துக்கொண்டு, எங்கள் கழனிப் பக்கம் திரும்பிவிட்டது. தண்ணீர் போகிற வழியை மாற்றியது நான் இருந்த குழு. பழைய வழியை நம்பிப் பட்டியல் எழுதியதும் நான். ஒரே மண்டைக்குள் இருந்த இரண்டு விஷயம், ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவில்லை. அதிகாரிகளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

மூட்டைகளை எடுக்க ஒரு பொக்லைன் வண்டி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ரோட்டின் நடுவில் போய் நின்று மறித்தேன். ஓட்டுகிறவர் யாரென்று தெரியாது, படப்பைப் பக்கத்து ஆள் என்று பின்னால் சொன்னார்கள். உள்ளே ஒரு பெண் பூட்டிக் கிடக்கிறாள் என்றதும் வேறு எதுவும் கேட்கவில்லை. "சாவியக் குடுத்துட்டு நீ இங்கயே நில்லும்மா. ஆழம் தெரியாம எறங்கக்கூடாது" என்றார். அந்தப் பூட்டு பழசு. ஒரு பக்கமாக அழுத்தித் திருப்பினால்தான் திறக்கும், நானும் வருகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப பக்கெட்ல ஏறு. கெட்டியாப் புட்ச்சிக்கோ" என்றார். மண் அள்ளுகிற பக்கெட்டில் உட்கார்ந்து என் கழனிக்குள் போனேன்.

அறை வாசலில் இறங்கினால் தண்ணீர் என் மார்புக்கு மேல் இருந்தது. பூட்டு தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. தடவித் தடவிச் சாவியை நுழைத்தேன். மூன்று தரம் திருப்பியும் திறக்கவில்லை. கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்த மூன்று தரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. நான்காவது தரம் திறந்தது.

உள்ளே கட்டில் மிதந்துகொண்டிருந்தது. அவள் லாஃப்டில் இருந்த சாமான்களைக் கீழே தள்ளிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். செல்லில் சார்ஜ் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. நான் அழுதுகொண்டே கையை நீட்டினேன். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "பூட்டுனது நீங்கதானக்கா, தெறக்க வராமலா போவியன்னுதான் இருந்தேன்" என்றாள். காற்றாகத்தான் வந்தது குரல்.

மேட்டில் இறக்கிவிட்டதும் அந்த ஓட்டுநர் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. மூட்டையை எடுக்க வேண்டும் என்று போய்விட்டார். அவள் என் புடவையைச் சுற்றிக்கொண்டு காப்பி குடித்தாள். அப்புறம் இன்றைக்கு நைட் ஷிப்டுக்கு பஸ் வருமா என்று கேட்டாள். எனக்கு ஓங்கி அழ வேண்டும் போல இருந்தது. உயிர் தப்பிய அன்றைக்கும் வேலைக்கு ஓட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு குழுவையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இப்போது ஒரே குழுதான். மூட்டையை அடியோடு விட்டுவிட முடியவில்லை, கோடை கோடைதானே. மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியில்தான் மூட்டை அடுக்குவது, ஆடி முடிவதற்குள் எடுத்துவிடுவது என்று வைத்திருக்கிறோம். சில வருடம் கடைசி மழை பொய்த்துவிடும், மூட்டை சும்மா கிடக்கும். அந்தக் கோடையில் பழையபடி லாரித் தண்ணீர்தான், எனக்குப் பழையபடி திட்டுதான். பட்டியலில் வாடகைக்கு இருப்பவர்கள் பெயரும் வந்துவிட்டது. அவர்கள் மாதத்துக்கு ஒரு தரம் அறை மாறுகிறார்கள், ஷிப்ட் மாறுகிறார்கள். எழுதி எழுதி அழித்துக்கொண்டே இருக்கிறேன். நான் வெளியே பூட்டுவதையும் விட்டுவிட்டேன். தூக்கம் கெடுகிறது என்று பெண்கள் முணுமுணுக்கிறார்கள்.

வெள்ளம் வந்த மறுநாளே அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்திருந்தார். ஊரில் பீடி சுற்றுகிறவர். "எம் புள்ளைய எனக்குத் திருப்பித் தந்துட்டிய தாயி, நீங்க நல்லா இருக்கணும்" என்று அழுதார். பூட்டைப் பற்றி மகள் அவரிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை வேண்டாம், ஊருக்கு வா என்று சொல்லிவிடுவாரே என்று பயம். அவள் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? "பரவாயில்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆனால் டிவியில் எங்கள் பக்கம் மழை என்று சொன்னால் போதும், அந்த அம்மா இன்றும் போன் செய்கிறார். "மழையாமே தாயி, பத்திரமா இருக்கியளா?" என்று கேட்கிறார். ஒவ்வொரு மழைக்கும் இந்த முறை பூட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், வாய் வராது. உலகத்தில் யாருக்கு நான் தீங்கு செய்ய இருந்தேனோ அவரே என்னைப் பத்திரமாக இருக்கச் சொல்கிறார் என்பதுதான், எந்த வெள்ளத்தையும்விட எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.