சிலந்திக்கு வைத்த வீடு

குவைத்தில் அடுத்தவர் கடையில் இருபத்திரண்டு வருடம் பருப்பு நிறுத்துப் போட்டுவிட்டுக் கூத்தாநல்லூருக்குத் திரும்பிய நான், வந்த மறுமாதமே என்னை விவசாயி என்று அறிவித்துக்கொண்டேன். அத்தா விட்டுப்போன நிலம் இரண்டு ஏக்கர் இருந்தது. அதில் என் சிறு வயதிலிருந்தே ஒரே குடும்பம்தான் குத்தகைக்குப் பயிர் வைத்துவந்தது. விடுமுறைக்கு வரும்போது டீ குடித்துக்கொண்டே "பயிர் எப்படி?" என்று விசாரிப்பேன். நான் செய்த விவசாயம் மொத்தமும் அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து அடித்தால் நெல்லைக் கருக்கும் புகையான் பூச்சியோடு சேர்ந்து அதைத் தின்கிற சிலந்தியும் செத்துப்போகும் என்று அங்கே சொன்னார்கள். வைக்கோல் திணித்த பானைகளை வயலில் குச்சி நட்டுக் கவிழ்த்து வைத்தால் சிலந்திகள் அதில் ஒதுங்குமாம். மூங்கில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டால், இலைச்சுருட்டுப் புழுவைத் தூக்கிக்கொண்டு போகும் குளவிகள் குடிவருமாம். மதியச் சாப்பாடு அருமையாக இருந்ததாலோ என்னவோ, அத்தனையும் மனதில் பதிந்துவிட்டது.

பன்னிரண்டு பானை வாங்கினேன். வீட்டுக் கூடம் முழுக்க வைக்கோல்.

"பூச்சிக்கெல்லாம் வீடு கட்றீங்க, சரி. மழை பேஞ்சா நம்ம மாடி ஒழுகுதே, அதை எப்பப் பாக்கறதா உத்தேசம்?" என்றாள் மனைவி.

பெரிய காரியம் செய்பவர்களுக்கு வீட்டில்தான் முதல் எதிர்ப்பு வரும் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பானைகளையும் ஒரு கட்டு மூங்கில் துண்டுகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். சம்பா நட்டு வேர் பிடித்திருந்த நேரம். வயலில் யாருமில்லை. மூன்றாவது அடியிலேயே ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. ஆனாலும் குச்சிகளை வரிசையாக நட்டுப் பானைகளைக் கவிழ்த்து, மூங்கில் துண்டுகளையும் தொங்கவிட்டு, செல்போனில் படம் எடுத்தேன். பானையும் நானும், வயலும் நானும், கடைசியாக நான் மட்டும். பயிற்சிக்கு வந்தவர்களின் வாட்ஸப் குழுவில் அவற்றைப் போட்டதும் கைதட்டல்கள் குவிந்தன. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால், பன்னிரண்டு பானையும் மூங்கில் கட்டும் என் வீட்டு வாசலில் வரிசையாக இருந்தன. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு சிலந்திகூட அதற்குள் குடிவந்திருக்காது, ஆனாலும் என் சிலந்திகளை எவன் வெளியேற்றினான் என்று கத்தியபடி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் கேட்டில் என் குத்தகைதாரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். கணவர் போன வருடம் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு சாகுபடியை அவர் ஒருவர்தான் பார்க்கிறார்.

"நான்தான் எடுத்தாந்து வச்சேன் பாய். ஒண்ணும் உடையல, பாத்துக்குங்க."

"ஏம்மா, அது சிலந்திக்கு வச்ச வீடும்மா."

"யாருக்கு வச்சீங்களோ, எனக்கென்ன தெரியும்? என்னைக் கேக்காம வயல்ல எறங்கிக் குச்சி நட்டீங்க. நின்னு போட்டோ எடுத்தீங்களாம், பக்கத்து வயக்காரங்க சொன்னாங்க. பக்கத்து ஊர்ல இப்படித்தான் ஒரு நெலக்காரர் குத்தகை வயல்ல மோட்டார் கொட்டகை போட்டாரு. அந்தப் போட்டோவைக் கோர்ட்ல காட்டி, நான்தான் சொந்தமா பயிர் பண்றேன்னாரு. குத்தகைக்காரன் வெளிய போயிட்டான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து கணவரின் குத்தகைப் பதிவு நகலை எடுத்தார். எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் கைவைக்கத் துணியாத விஷயம் அது. பதிவில் பேர் இருந்தால் நிலக்காரர் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. அவர் கணவர் விவசாயத் தொழிலாளர்களோடு கொடி பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்து வாங்கிய பதிவு.

"இதுல எம் பேரு இல்ல பாய். மாத்தறதுக்கு உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துக் கேட்டு ரெண்டு தடவை மனு குடுத்தேன். பாக்கலாம், பாக்கலாம்னீங்க."

அந்த மனு என் மேஜையில், நன்மை செய்யும் பூச்சிகள் பற்றிய கையேட்டுக்கு அடியில் கிடந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. "குத்தகைக்காரர் இல்லாத நெலம்னா வெலையே வேற பாய்" என்று மனைத் தரகர் ஒருவர் என் காதில் போட்டிருந்தார். விற்பதாக நான் முடிவு செய்யவில்லைதான். கையெழுத்தும் போடவில்லை.

குவைத்தில் ஒவ்வொரு தடவை அக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் முதலாளியின் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தவன் நான். "புக்ரா" என்பார், நாளைக்கு என்று அர்த்தம். அந்த "நாளை" வரும்வரை, போலீஸ் வண்டியைப் பார்த்தால் சந்துக்குள் புகுந்துகொள்வேன். அந்த மனுஷனை நான் திட்டாத திட்டு இல்லை. அவருடைய புக்ராவைவிட என்னுடைய "பாக்கலாம்" எந்த விதத்தில் உசத்தி? எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே போய் மனுவை எடுத்துவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். தேதி போடவில்லை என்று திருப்பித் தந்தார். போட்டேன்.

"இந்தப் பானைங்களை என்னம்மா பண்றது?" என்று மெல்லக் கேட்டேன்.

"வச்சுக்கலாம் பாய். நடுவுல வேணாம், களையெடுக்கற பொம்பளைங்க இடிச்சுக்குவாங்க. ஓரமா நான் சொல்ற எடத்துல வைங்க."

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இரண்டு நாள் பயிற்சி விடவில்லை.

"இனிமே புகையானுக்குப் பயப்பட வேணாம்மா" என்றேன்.

"புகையானுக்கு யாரு பயந்தா?" என்றார் அவர். "அது வந்தா மருந்து இருக்கு, இப்ப உங்க சிலந்தியும் இருக்கு. ஒரு வருசமா நீங்க வரப்புல வந்து நிக்கிறதப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கைக்கு ஒன்றாக இரண்டு பானைகளை எடுத்துக்கொண்டு வயலைப் பார்த்து நடந்தார். மீதிப் பத்தையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போகலாமா, கூடாதா என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.