பதில் போட்டவர்களுக்கு மட்டும் சாப்பாடு

ஆபீசில் அவருக்குச் 'சிவப்பு மை' என்று பட்டப்பெயர். யார் கடிதம் எழுதிக் கொண்டுபோனாலும் ஒரு கமாவையாவது மாற்றாமல் கையெழுத்துப் போட மாட்டார். ரிட்டயர் ஆனபின் திருத்தக் கடிதம் இல்லை, மனைவி அகப்பட்டாள்.

மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், அடியில் இருந்த ஆர்.எஸ்.வி.பி. என்ற எழுத்துகளைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"இது பிரெஞ்சு. தயவுசெஞ்சு பதில் தெரிவிங்கன்னு அர்த்தம். இங்கிலீஷ்காரன் விருந்துக்குக் கூப்பிட்டா இதைப் போடுவான். இங்க அர்த்தம் தெரியாத ஜென்மங்க இதைப் போட்டுட்டு, கீழே சித்தப்பன் பெரியப்பன் பேரை அடுக்குதுங்க."

"சரி, அதுக்கென்ன இப்போ?" என்றாள் மனைவி.

சமையல்காரர் வந்தபோதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பதில் எழுதியவர்களுக்கும் மட்டும் சமைத்தால் போதும் என்று கணவர் ஒரே பிடியாக நின்றார். பதில் எழுதியவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஆபீஸ்காரர்கள்.

"ஜனங்க வந்து நிப்பாங்க. மானம் போயிடும்ங்க," என்றாள் மனைவி.

"படிச்சவன் வீட்டுக் கல்யாணம். நாலு பேர் பழகிக்கட்டும்."

அவருக்குத் தெரியாமல் கூடுதலாகச் சமைக்கச் சொல்லலாம் என்று பார்த்தாள். மேதாவி, மளிகை இறங்கும்போதே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த அறிவுக் கொழுந்தைக் கட்டிக்கொண்டதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கல்யாணத்தன்று மண்டபம் கொள்ளாத கூட்டம். பிரெஞ்சு தெரியாத உறவும் சனமும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கியது. முதல் பந்தி எழுந்ததுமே அண்டாவில் கரண்டி அடிதட்டியது. மாப்பிள்ளையின் மாமா குடும்பம் கைகழுவிவிட்டுக் காத்திருந்து, முகம் கறுத்துத் திரும்பியது. மணமேடையில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருடைய அக்கா காலி மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா போனபின், கூலி வேலைக்குப் போய் அவரைப் படிக்கவைத்தவள்.

"நீ பதில் போடலையேக்கா," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

"அதான் நானே வந்துட்டேனே தம்பி. இதைவிட என்ன பதில்?"

அதைத் திருத்த அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. சமையற்கட்டுக்குள் போனார். வீட்டுக்காரருக்கென்று சமையல்காரர் எடுத்துவைத்திருந்த ஒரே ஒரு தட்டுச் சாப்பாடு அங்கே மூடியிருந்தது. உட்கார்ந்து கையை நீட்டுவதற்குள் மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

"நீங்க பதில் போட்டீங்களா?"

அவர் வாய் திறப்பதற்குள் அதை நாத்தனார் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். "சாப்பிடுங்க அண்ணி."