மூச்சுக்கு வேண்டிய கொழுப்பு

என் உடம்பு எதை எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர் சொன்னபோது, அதைப் பற்றி அன்று காலையில்தான் வகுப்பெடுத்துவிட்டு வந்திருந்தேன்.

கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில் தாதியர் பயிற்சி மாணவிகளுக்கு உயிர்வேதியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாஸ்போலிப்பிட் பாடத்தை ஒவ்வொரு செமஸ்டரும் ஒரே மாதிரிதான் தொடங்குவேன். ஒரு தலை, இரண்டு வால். தலையில் பாஸ்பேட் இருக்கிறது, அது தண்ணீரோடு சேரும். வால்கள் கொழுப்பு, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். இவை கோடிக்கணக்கில் ஒன்றோடொன்று நெருங்கி, வால்களை உள்ளே மறைத்து இரண்டு வரிசையாக நின்றால் அதுதான் செல்லின் சவ்வு. ஈரல், மூளை, தோல் எல்லாவற்றிலும் இதே சவ்வுதான். பிள்ளைகள் படத்தை வரைந்துகொள்வார்கள். அதோடு மணி அடித்துவிடும்.

அதற்குள் எனக்கு இரண்டு கர்ப்பம் கலைந்திருந்தது. இரண்டிலும் இதயத்துடிப்பைக் கேட்ட பிறகுதான் போனது. முதல் தடவை எல்லோரும் இது சகஜம் என்றார்கள். இரண்டாவது தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் நிதானமாகப் பேசுகிற அம்மா. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"உங்க ரத்தத்துல ஒரு ஆன்டிபாடி இருக்கு. பாஸ்போலிப்பிட்டையும் அதோட ஒட்டியிருக்கிற புரோட்டீனையும் எதிர்க்கிற ஆன்டிபாடி. இடைவெளி விட்டு ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிட்டோம். ரெண்டுலயும் பாசிட்டிவ். இதனாலதான் நச்சுக்கொடில ரத்தம் உறைஞ்சு போகுது. பிள்ளைக்குப் போக வேண்டியது போய்ச் சேரல."

கொம்யூட்டர் ரயிலில் வீடு திரும்பும்போது கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ கிளாஸ்ல சொல்லிக்கொடுக்கிற சமாச்சாரமா அது?"

"ஆமா மச்சான்."

"அப்ப உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர், துணியைத் தொட்டாலே அதில் எவ்வளவு பருத்தி என்று சொல்லிவிடுவார். தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்ற எண்ணம்தான். ஆனாலும் கிள்ளான் வரும்வரை காலையில் பாடமெடுத்த நோட்டை மடியில் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

மூன்றாவது தடவை உண்டானதும் ஆஸ்பிரின் மாத்திரையோடு தினமும் வயிற்றில் ஓர் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ரத்தம் உறையாமல் இருப்பதற்கு.

"ஒண்ணு சொல்லிடணும். இந்த ஊசி மருந்து பன்றிக் குடல்ல இருந்து எடுக்கறது. தெரிஞ்சுதான் நீங்க போடணும். வேற மருந்து இருக்கு, ஆனா கர்ப்பத்துல அதை நம்பி எனக்குக் கொடுக்க முடியாது."

கணவர் கடைக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் உஸ்தாஸிடம் கேட்டுவிட்டு வந்தார். வேறு வழியில்லாத நிலையில் ஆகும் என்று அவர் சொல்லியிருந்தார். மாமியிடமும் மறைக்கவில்லை. மாமி என் கணவரின் உம்மா. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவர். மாமா மௌத்தான பிறகு எங்களோடு இருந்தார். விஷயத்தைக் கேட்டு "உஸ்தாஸ் சொல்லிட்டாங்கல்ல" என்று மட்டும் சொன்னார். மறுநாள் குளியலறையில் மூடி போட்ட புதுக் குப்பைக்கூடை ஒன்று இருந்தது. காலையில் நான் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஊசி போட்டு முடிக்கும்வரை அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். பிறகு கதவுக்கு வெளியே இருந்து கேட்பார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமி."

"வா, சாப்பிடு."

முந்தைய இரண்டும் கலைந்த கட்டத்தை இந்தக் குழந்தை தாண்டியது. அசைய ஆரம்பித்தது. வயிறெல்லாம் ஊசி போட்ட இடங்கள் பச்சையும் ஊதாவுமாகக் கன்றிப்போயிருந்தன. மாமி தையற்கடையிலிருந்து மிச்சத் துணி வாங்கிவந்து சின்னச் சட்டைகள் தைக்கத் தொடங்கினார். வேண்டாம், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏழாம் மாதம் தொடங்கியபோது நோன்பு மாதம். பெருநாள் வியாபாரத்தில் கடையில் நிற்க இடமில்லை, கணவர் வீட்டுக்கு வருவதே அரிதாக இருந்தது. நான் கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்துகள் மேல் வெள்ளிப் புள்ளிகள் பறந்தன. காலையிலிருந்தே தலைவலி. மோதிரம் விரலில் இறுகியிருந்தது. கூட வேலை செய்யும் சீனப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கார் சாவியை எடுத்தாள்.

அரசாங்க மருத்துவமனையில் ரத்த அழுத்தத்தைப் பார்த்தவர்கள் மறுபடி பார்த்தார்கள். அது ஏறிக்கொண்டே போனது. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஓர் ஊசி போட்டார்கள். அது வேலை செய்ய நேரம் வேண்டும். அந்த நேரம் இல்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. என்னை மயக்கப்படுத்திப் பெண் குழந்தையை எடுத்தார்கள்.

எனக்கு நினைவு திரும்பியபோது வார்டில் யாரோ பேரீச்சம்பழம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நோன்பு திறக்கும் நேரம். கட்டிலுக்கு ஒரு பக்கம் கணவர், இன்னொரு பக்கம் மாமி. கால்மாட்டில் ஓர் இளம் மலாய் டாக்டர்.

"மூச்சுவிடக் கஷ்டப்படுது," என்றார் கணவர். "டியூப் போட்டிருக்காங்க. நுரையீரலுக்குள்ள ஒரு மருந்து ஊத்தணுமாம்."

எந்த மருந்து என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். நுரையீரலில் இருக்கிற காற்றறைகள் உள்ளே ஈரமானவை. தண்ணீர் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பில் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அங்கே படிந்திருக்கும் பாஸ்போலிப்பிட் படலம். தலை ஈரத்தில், வால்கள் காற்றில். குழந்தை வயிற்றில் இருக்கும் கடைசி வாரங்களில்தான் அதைப் போதுமான அளவு தயாரிக்கும். என் மகளுக்கு அந்த வாரங்கள் கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிப்போன பலூனைப் புதிதாக ஊதுகிற பாடு அவளுக்கு.

டாக்டர் மெதுவாக மலாயில் பேசினார். மாட்டு நுரையீரலிலிருந்து எடுப்பது ஒன்று உண்டு, அது இப்போது கையிருப்பில் இல்லை. இருப்பது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்தது. காத்திருக்க முடியாது. இது டாருராட், வேறு வழியில்லாத நிலை, மார்க்கம் அனுமதிக்கிறது என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் உம்மாவைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காத," என்றார் மாமி. "உன் புள்ள."

"அது என்னன்னு எனக்குத் தெரியும் மச்சான்," என்றேன். "போடச் சொல்லுங்க. இப்பவே."

அவர் டாக்டரோடு வேகமாகப் போனார். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே நடைபாதைக்குப் போய்விட்டார். அவருடைய பேரீச்சம்பழம் தட்டிலேயே இருந்தது.

மறுநாள் சக்கர நாற்காலியில் என்னைக் குழந்தையிடம் கூட்டிப்போனார்கள். என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அடங்கிவிடுகிற உடம்பு. தோல் வழியே நரம்புகள் தெரிந்தன. ஆனால் நெஞ்சு குழிவிழாமல் ஏறி இறங்கியது. ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே வருவதாக நர்ஸ் சொன்னார். வகுப்பில் நான் வரைந்த படலம் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் விரிந்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் படித்த படிப்புக்கு நன்றி சொன்னேன்.

நுரையீரல் அவளைக் கைவிடவில்லை. டியூபை எடுத்தார்கள், மூக்கில் மட்டும் காற்று. பெருநாள் வந்து போனது. நான் பாலைப் பீய்ச்சிச் சின்னக் குப்பிகளில் எடுத்துக்கொண்டு தினமும் போவேன். என் நெஞ்சின் மேல் அவளைப் படுக்கவைப்பார்கள். மாமியும் கூட வருவார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, கீழே வாசலில் இருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். உள்ளே வரச் சொன்னால், "கிருமி எதுவும் போயிறப் போகுது, நான் இங்கேயே இருக்கேன்லா" என்பார்.

ஒரு காலையில் அவள் வயிறு உப்பியிருந்தது. கொடுத்த பால் பச்சை நிறத்தில் வெளியே வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடலில் வருகிற தொற்று. அறுவை செய்து பார்த்தார்கள். திறந்தவர்கள் சீக்கிரமே மூடிவிட்டார்கள். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் முற்பகலில் எல்லா வயர்களையும் எடுத்துவிட்டு என் மடியில் கொடுத்தார்கள். கணவர் அவள் காதருகே குனிந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை, நர்ஸ்தான் சொன்னார்.

அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுவதற்கு மருத்துவமனையின் ஜெனாசா அறையைக் கொடுத்தார்கள். மாமிதான் குளிப்பாட்டுவதாகச் சொன்னார். உதவிக்கு எங்கள் வரிசை வீட்டு அக்கா ஒருவர் வந்திருந்தார். அந்த அக்கா தண்ணீர் பிடித்துவரப் போனபோது மாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்காத."

"கேளுங்க மாமி."

"அன்னிக்கு உள்ள ஊத்துனாங்களே. அது இன்னும் அவ உள்ளதான் இருக்கா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சூடேறியது. மகளை மேசையில் கிடத்தியிருக்கிறது, இவர் பன்றியைக் கேட்கிறார். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் மாமி மடியிலிருந்த வெள்ளைத் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். குழந்தையை எப்படி அனுப்பிவைக்கிறோம் என்ற பயம் அது. வேறு எதுவும் அதில் இல்லை.

"இல்ல மாமி," என்றேன். "அது அப்படியே இருக்காது. நுரையீரல் செல்லு அதை உள்ள இழுத்துக்கும். தலை வேற, வால் வேறயா பிரிச்சிரும். அதுல இருந்து தனக்கு வேண்டியதை மறுபடி கட்டிக்கும். சோறு, மீன் சாப்பிடறோம், அது நம்ம சதையா ஆயிருதுல்ல, அந்த மாதிரி. கொஞ்ச நாள்ல அவ உடம்பே சொந்தமா செய்ய ஆரம்பிச்சிருச்சு. அதனாலதான் டியூபை எடுத்தாங்க."

"அப்ப இப்ப உள்ள இருக்கறது?"

"அவளோடது. அவ செஞ்சது."

மாமி துணியை மடித்து மேசையோரம் வைத்தார்.

"இத்தனை நாளும் அந்த வாசல் பெஞ்சுல உக்காந்து தௌபா செஞ்சு மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்தேன்மா," என்றார். "உங்க ரெண்டு பேருக்காகவும். புள்ளைய எடுத்துறாத ரப்பேன்னு."

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு எழுந்தார். அவர் குளிப்பாட்டியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கழுவினார். அந்த விரல்களை அதுவரை அவர் தொட்டதில்லை.

கிள்ளான் மையவாடியில் அடக்கம் செய்தோம். எனக்குப் பால் நிற்கவில்லை. முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டினார்கள், வலியோடு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அது வற்றிய பிறகு இடது கால் வீங்கியது. ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. இனி ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும் என்றார்கள். என் உடம்பு தன் சண்டையை நிறுத்தவில்லை. குழந்தை வயிற்றில் இருந்தபோது நச்சுக்கொடியில் நடந்தது, இப்போது காலில் நடக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் டாக்டர் இன்னொரு கர்ப்பம் முடியாது என்று சொல்லவில்லை. முயன்றால் என்னவெல்லாம் ஆகலாம் என்று சொன்னார். எனக்கும் ஆகலாம் என்றார். ஃபெடரல் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றபோது கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்.

"இன்னொரு தடவை வேணாம்."

"மாமி என்ன சொல்வாங்க?"

"நான் பேசிக்கிறேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது. நான் அழுததை அவர் பார்க்காத மாதிரி ரேடியோவைத் திருகினார்.

என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சில வாரம் கழித்து, ரவாங்கில் இருக்கும் இளைய மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார் மாமி. அங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போகும்போது என் தலையைத் தடவி, "மாத்திரைய மறந்துறாத" என்றார். கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலேற்றிவிட்டு வந்தார். மாமி திரும்பி வரவில்லை. நாங்களும் எப்போது வருகிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்த நேரத்தில் எனக்குப் போன் செய்வார். எடுத்ததும் பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்கும். "கொஞ்சம் இரும்மா" என்பார். கதவு சாத்துகிற ஓசை கேட்கும். அதன் பிறகுதான் பேச ஆரம்பிப்பார்.