பதினேழில் நின்ற எண்ணிக்கை

செய்தி எனக்குச் சுவர் வழியாகத்தான் வந்தது. கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின்னர், பக்கத்து வீட்டில் எண்ணிக்கொண்டிருந்த குரல் பதினேழில் நின்றது. அடுத்துக் கேட்டது பார்வதி அம்மாவின் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவருடைய கணவர் மாரிமுத்து அவர்கள் சுவரடியில் சரிந்து கிடந்தார். வைத்தியசாலையை அடையுமுன்பே உயிர் பிரிந்துவிட்டது.

கண்டி நகரின் ஏற்ற இறக்கமான ஒழுங்கைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தே தண்ணீர் மீட்டர் வாசித்தவர் அவர். பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். நடக்க இயலாத தங்கை செல்லம்மா இன்னமும் அங்கேதான் இருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு அண்ணன் வருவார் என்று காத்திருப்பார். ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். எண்ணிச் சொன்னவர் மாரிமுத்து அவர்களே.

ஓய்வுபெற்ற பின் கெண்டைக்கால்கள் இறுகிப்போயின. அந்தப் படிகளில் அவரால் ஏற முடியவில்லை. கிளினிக்கில் ஒரு பயிற்சி சொன்னார்கள். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலை முன்னால் மடித்து, மற்றதைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விடாமல் முப்பது எண்ணும்வரை நிற்க வேண்டும். பிறகு கால் மாற்ற வேண்டும்.

முதலில் அவர் நின்றது சாமிப் படங்கள் மாட்டிய சுவரில்.

“இது என்னங்க கூத்து? முருகனையே கீழ தள்ளிருவீங்க போல!” என்று பார்வதி அம்மா அதட்டியதும், எங்கள் இரு வீடுகளுக்கும் பொதுவான மெல்லிய சுவருக்கு மாறினார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்நகரில் செய்தியாளனாக முதுமையடைந்தவன். சில நாள் அந்த எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, வாசலில் அவரை நிறுத்தினேன்.

“விடியக்காலமை ஆருக்குக் கணக்குப் படிப்பிக்கிறியள்?”

“கெண்டைக்காலுக்குத்தாங்க ஐயா. மக்குப் பய. முப்பதத் தாண்ட மாட்டேங்கிறான்.”

என் கால்களும் அப்போது பிடித்துக்கொண்டுதான் இருந்தன. மறுநாள் முதல் நானும் அதே சுவரின் என் வீட்டுப் பக்கத்தில் கை ஊன்றி நின்றேன். எண்ணுவது அவர் பொறுப்பு.

“ஐயா, குதிகால் தூக்குது!” என்று இடையில் சத்தம் வரும்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“தூக்காம இருந்தா இந்நேரம் முனகியிருப்பீங்களே!”

நான்காம் மாதம் அவர் படியேறினார். திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: “தங்கச்சி என் மொகத்தப் பாக்கலங்க. என் காலையே பாத்துக்கிட்டிருந்திச்சு.” அதன்பின் ஒரு மாதமும் தவறவில்லை.

அடக்கத்தன்று செல்லம்மாவைக் கதிரையில் இருத்தி, நால்வர் அதே படிகள் வழியாகத் தூக்கி வந்தார்கள். அவர் அண்ணனின் முகத்தருகே போகவில்லை. எடுக்கும்வரை பாதங்களைப் பிடித்தபடி இருந்தார்.

இன்று காலை ஆறு மணிக்குச் சுவரில் கை வைத்தேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. நானே எண்ணினேன், பதினெட்டிலிருந்து. முப்பது வந்ததும் கையை எடுக்கப்போனேன். அப்போது சுவருக்கு அப்பாலிருந்து பார்வதி அம்மாவின் குரல் வந்தது.

“மத்தக் காலு, ஐயா.”

மாற்றிக்கொண்டேன். போய் வாருங்கள், மாரிமுத்து. என் குதிகால் தரையில்தான் இருக்கிறது.