நியூட்ரலில் நிற்காத வண்டி

மரக்கிடங்கில் அந்த ஃபிட்டருக்கு 'காது' என்று பெயர். ஓடுகிற எஞ்சின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த பேரிங் கெட்டிருக்கிறது, எந்தப் பல் உரசுகிறது என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் சொன்னது சரியாக இருக்கும். மீதி நேரம் தப்பாகிவிட்டால் கிடங்கே சேர்ந்து கேலி செய்யும். "காது இன்னிக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வந்திருக்கு, தண்ணி பூந்திருக்கும்" என்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். சட்டென்று கோபப்படுகிற ஆள் இல்லை.

அவர் மனைவி அதே கிடங்கில் லோடர் ஓட்டினாள். வேலைக்கு வந்த முதல் வாரமே கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்களை நகர்த்துகிற கவையை முறித்துவிட்டு, முறிந்த துண்டைக் கையில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றாள். "இதுக்கு நான் அழணுமா, நீங்க அழுவீங்களா?" என்று கேட்டாள். கல்யாணப் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது என்பார் அவர். "சண்டைதான் அங்க ஆரம்பிச்சது" என்பாள் அவள்.

அவளுடைய தம்பிக்கும் அங்கேயே வேலை. லோடருக்கு முன்னால் நின்று மரத்தடிகளுக்குச் சங்கிலி சுற்றி, கையை உயர்த்திச் சைகை காட்டுவான். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். இருந்தாலும் சாயங்காலம் அக்கா வீட்டில் ஒரு வாய் டீ குடிக்காமல் தன் வீட்டுக்குப் போகமாட்டான்.

பழைய லோடர்களில் கியர் மாற்றுவது ஒரு மல்யுத்தம். கைத்தடி நீளத்துக்கு ஒரு லிவர். அதன் கீழே இருக்கையின் அடியில் ஓடுகிற கம்பிகள், மூட்டுகள், நெம்புகோல்கள். நாள் முழுக்க அதை இழுத்துத் தள்ளினால் இரவில் தோள்பட்டை பேசும். அந்த வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு முதலாளி புதிதாக மூன்று லோடர்கள் வாங்கினார். அவற்றில் லிவரும் இல்லை, கம்பியும் இல்லை, கிளட்ச் மிதியும் இல்லை. கியர்பாக்ஸின் தலையில் டிபன் பெட்டி அளவுக்கு அலுமினியப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குள், சுற்றிலும் பள்ளமாகக் காடி வெட்டிய எஃகு உருளை. ஓட்டுநர் ஸ்டீயரிங் பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன மோட்டார் உருளையைத் திருப்பும். கவைகள் காடியின் வழியே நகர்ந்து கியர் விழும். நியூட்ரலில் உருளை அசையாமல் நிற்பதற்கு ஒரு குழி, அதில் விழுந்து உட்காருகிற ஒரு குண்டு, குண்டை அழுத்திப் பிடிக்கிற ஒரு குட்டி ஸ்பிரிங். அவ்வளவுதான்.

"கையில ரிமோட்டக் குடுத்த மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி முதல் நாள். தோள்வலித் தைலத்தை அலமாரியில் பின்னால் தள்ளி வைத்தாள்.

வெயில் காலம் ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"வண்டி நகருதுங்க."

"நகர்றதுக்குத்தானே வாங்கினாங்க."

"விளையாடாதீங்க. நியூட்ரல்ல போட்டு உக்காந்திருந்தேன். பிரேக்கு மேல காலு இல்ல. தானா முன்னாடி போச்சு. ஒரு முழம் இருக்கும். நான் மிதிச்சப்புறம்தான் நின்னுச்சு."

"பொத்தானத் தட்டியிருப்ப."

"கை மடியில இருந்துச்சு."

மறுநாள் காலை, கிடங்கு வேலை தொடங்கும் முன்னால், அவர் பெட்டியைத் திறந்தார். குண்டு குழியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. உருளையைக் கையால் திருப்பிப் பார்த்தார், அசைய மறுத்தது. காடியில் விரல் நகத்தை ஓட்டினார், தேய்மானமே இல்லை. மூடிவிட்டார். அடுத்த வாரம் அவள் மறுபடி வந்தாள். மறுபடி காலையில் திறந்தார். மறுபடி ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை மூடியபோது மேலாளர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக்காரம்மாவுக்கு வண்டி புடிக்கலன்னா சொல்லுப்பா, ஆபீஸ்ல நாற்காலி போட்டுத் தரேன்."

அன்றிலிருந்து அவள் யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆனால் வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம், சமதரையாக இருந்தாலும், முன்சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை வைத்தாள். கப்பல் சரக்கு காத்திருக்கிற அவசரத்தில் அது மேலாளரின் கண்ணை உறுத்தியது. "வேலைக்கு முட்டுக்கட்டை போடுறதே உனக்கு வேலையாப் போச்சு" என்றார் ஒருநாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கட்டையை எடுக்கவும் இல்லை.

தம்பிக்கும் அது வேடிக்கைதான். "அக்கா, வண்டிக்கு உன்ன ரொம்பப் புடிச்சுப்போச்சு. நீ சும்மா உக்காந்தா அதுக்குத் தாங்கல" என்றான் டீயை ஊதிக்கொண்டே.

"நீ வாய மூடு. வண்டிக்கு முதுகு காட்டி நிக்காதன்னு எத்தன தடவ சொல்றது?"

"சங்கிலிய முன்னாடி பாத்துக் கட்டணுமா, பின்னாடி பாத்துக் கட்டணுமா?"

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தம்பி போன பிறகு வெளியே வந்து கணவரின் எதிரே நின்றாள்.

"நீங்க எப்பவும் ஆறினதுக்கப்புறம் தெறந்து பாக்குறீங்க. அது நகர்றது சூட்டுல."

இத்தனை நாளும் தனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், வண்டி வெயிலில் வேலை செய்து கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவளைப் பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்காரச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் மூடியைக் கழற்றினார். எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் கொப்புளம் கிளம்பியது. வலியை அவர் கவனிக்கவில்லை. எஞ்சினின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் உருளை இம்மி இம்மியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. குண்டு குழியின் விளிம்பில் ஏறி நின்றிருந்தது. சூட்டில் அலுமினியப் பெட்டி விரிந்து, ஏற்கெனவே குட்டையான ஸ்பிரிங்குக்குப் பிடிமானம் குறைந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குண்டு விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. கவை நகர்ந்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சமாக, பாரத்தைத் தூக்குகிற ஆள் மூச்சை அடக்குவதுபோல, தாழ்ந்தது. மனைவியின் கால் பிரேக்கில் இறுகியது.

"பாத்தீங்களா?" என்றாள் மேலிருந்து.

"பாத்தேன்."

வண்டி செய்த கம்பெனியிலிருந்து என்ஜினியர் அம்மா இரண்டு நாளில் வந்துவிட்டார். மத்தியானம் வரை காத்திருந்து, அதே போலத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"ஸ்பிரிங்குக்கு இடம் பத்தாதுன்னு அப்பவே எங்களுக்குள்ள பேச்சு வந்துச்சு. பெட்டி சின்னதா இருந்தாத்தான் எல்லா வண்டியிலயும் பொருந்தும்னு முடிவாச்சு" என்றார். பிறகு மேலாளரிடம், "மூணு வண்டியையும் நிறுத்திடுங்க சார். புதுப் பெட்டி வர்ற வரைக்கும் யாரும் தொட வேணாம்" என்றார்.

மேலாளர் தலையாட்டினார். என்ஜினியர் அம்மாவின் கார் வாசலைத் தாண்டியதும், காதின் மனைவி ஓட்டிய வண்டியை மட்டும் நிறுத்தச் சொன்னார். மற்ற இரண்டும் ஓட வேண்டும், கப்பல் காத்திருக்கிறது, இறங்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் போதும். அவரும் கெட்ட மனுஷர் இல்லை. அந்த இரண்டு வண்டிகளும் இதுவரை ஒரு விரற்கடைகூட நகர்ந்ததாக யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காது எதிர்த்துப் பேசினார். பேச்சு எடுபடவில்லை. பட்டறைக்குப் போய் இரும்புப் பட்டை ஒன்றை வெட்டி வளைத்தார். அதை உருளையின் வெளி முனையில் மாட்டி, வண்டியை விட்டு இறங்கும்போது ஒரு முள்ளைச் செருகினால், நியூட்ரலை விட்டு அது திரும்பவே முடியாது. பார்க்க அசிங்கமாக இருந்தது. முதல் பட்டையை மனைவியின் வண்டியில் மாட்டிப் பார்த்தார், பிடித்தது. இரண்டாவதை அடுத்த வண்டியில் மாட்டினார். மூன்றாவதற்குத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது துளைக் கருவியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

வெளியே ஒரு எஞ்சின் சத்தம் தாழ்ந்திருந்தது.

வெளியே ஓடினார். மூன்றாவது வண்டியின் இருக்கை காலி. அதை ஓட்டும் தாடிக்காரர் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் இறங்கியிருந்தார். தேய்ந்த பிரேக், முதல் கியரில் இழுக்கிற எஞ்சினை எவ்வளவு நேரம் தாங்கும்? வண்டி ஒரு குழந்தை தவழ்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் முன்னால், முதுகைக் காட்டிக் குனிந்து, மரத்தடிக்குச் சங்கிலி சுற்றிக்கொண்டிருந்தான் மைத்துனன். பக்கத்து ரம்பத்தின் இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"மாப்ள! மாப்ள!"

அந்தக் குரல் மட்டும் எப்படியோ கேட்டது. அவன் நிமிர்ந்தான். வண்டியைப் பார்க்கவில்லை. குரல் வந்த திசையில் மாமாவைப் பார்த்தான். என்ன மாமா என்பதுபோலச் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

காது வண்டியில் தாவி ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. ஆனால் அதற்குள் வண்டியின் முன்னால் நீட்டியிருக்கும், தடி தூக்குகிற இரும்பு நகங்கள் அவனை அடுக்கியிருந்த மரத்தடிகளோடு வைத்து அழுத்திவிட்டன.

அவன் பிழைத்தான். இடுப்பெலும்பு இரண்டாக உடைந்திருந்தது. இடது கை விரல்கள் மடங்குவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி இரண்டு பெண்களையும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். கணவர் பக்கத்தில் வந்தபோது மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க கூப்பிட்டதால அவன் நிமிர்ந்தான். இல்லன்னா விலகியிருப்பானோ என்னவோ."

அதைக் குற்றமாகச் சொன்னாளா, சும்மா மனதில் வந்ததைச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பேசத் தெம்பு வந்த பிறகு தம்பி அதை மறுத்தான். "மாமா கூப்பிடலன்னா குனிஞ்சே இருந்திருப்பேன்க்கா. தலை மாட்டியிருக்கும்" என்றான். இருவரில் யார் சொன்னது சரி என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதும் இல்லை.

புதுப் பெட்டிகள் வந்தன, பழையதைவிடக் கட்டை விரல் அளவு அகலமாக. என்ஜினியர் அம்மாவே நின்று பொருத்தினார். ஆனால் இரண்டு வண்டிகளில்தான் பொருத்த முடிந்தது. ரத்தம் பட்ட வண்டி கிடங்கில் இருக்கக்கூடாது என்று முதலாளி அதைத் தரகர் கையில் தள்ளிவிட்டிருந்தார். விபத்துக்குப் பிறகு காது அதில் மாட்டியிருந்த மூன்றாவது இரும்புப் பட்டையைத் தரகர் கழற்றிப்போட்டுவிட்டு, வண்டிக்குப் புது மஞ்சள் வண்ணம் அடித்து விற்றிருந்தார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றுவிட்டார். அதற்கு அப்பால் தடம் இல்லை.

என்ஜினியர் அம்மா எப்போதாவது போன் செய்வார். "ஏதாவது தெரிஞ்சுதாங்க?"

"இல்லம்மா. உங்களுக்கு?"

"இல்ல."

இருவரும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

மனைவி மறுபடி லோடர் ஓட்டப் போனாள். வேறு வழியில்லை, இரண்டு வீட்டுக்கும் சோறு வேண்டும்.

போன கோடையில் ஒருநாள் தம்பியைப் பார்த்துவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாலை போடுகிற இடத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. ஓரத்தில் ஒரு மஞ்சள் லோடர் எஞ்சின் ஓட நின்றிருந்தது. இருக்கையில் ஆள் இல்லை. அதன் முன்னால் நான்கைந்து பேர் குந்தி உட்கார்ந்து ஜல்லியைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். வெயில் தார் மேல் அலையடித்தது.

அவர் எழுந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார். நடத்துநர் திட்டுவது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மனைவியும் பின்னாலேயே இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவரைத் தாண்டி முன்னே நடந்து, குந்தியிருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "எல்லாரும் கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க!"

அவர் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். அது வேறு கம்பெனி வண்டி, வேறு கியர்பாக்ஸ். எங்கிருந்தோ ஓடிவந்த ஓட்டுநர் வாய்க்கு வந்தபடி ஏசினார். இருவரும் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றார்கள்.

"அடுத்துப் பாக்குற மஞ்ச வண்டியும் இப்படி வேற வண்டியாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

"இருக்கட்டும். எறங்குவோம்" என்றாள் அவள்.