அக்காவுக்கு நான் படித்துச் சொன்ன ஸ்கேன் ரிப்போர்ட்

நார்வேக்கு வந்த பிறகு நான் பார்த்த விசித்திரங்களில் முதலிடம் இதற்குத்தான்: என் மனைவி கவிதாவிடம் தமிழில் பேச ஆஸ்பத்திரியே ஆள் ஏற்பாடு செய்கிறது. அதுவும், தமிழும் ஆங்கிலமும் அரைகுறை நார்வேஜியனும் தெரிந்த நான் பக்கத்து நாற்காலியில் தண்டத்துக்கு உட்கார்ந்திருக்கும்போதே. ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போயிருந்தோம். யோர்மூர், அதாவது இந்த ஊர் மருத்துவச்சி, ஸ்பீக்கர் போனில் மொழிபெயர்ப்பாளரை அழைத்தார். “நான் கணவன்தான், நானே சொல்லிவிடுகிறேன்” என்றேன். “நீங்கள் அப்பா. இன்றைக்கு அந்த ஒரு வேலை போதும்” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் பல்லைக் காட்டினேன்.

முடிச்சூரில் எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிப் பேப்பர் படிப்பது என் இலாகா. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எதுவானாலும் கவரைப் பிரித்து ஆங்கிலத்தைத் தமிழாக்கித் தீர்ப்பு சொல்வேன். சுமதி அக்கா ஐந்து மாதமாக இருந்தபோது மாமாவுக்குக் கேளம்பாக்கம் ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று வாசலிலேயே போர்டு. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்துக்குப் போட்ட பூட்டை நாங்கள் எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டோம்.

“நீங்க பிரதரா சார்? கொஞ்சம் உள்ள வாங்க. அவங்க வெளியவே இருக்கட்டும்” என்றார் டாக்டர். குழந்தையின் மேல் உதட்டில் பிளவு தெரிகிறதாம். பிறந்த பிறகு ஆபரேஷனில் சரியாகிவிடுமாம். “பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.”

வெளியே அக்கா எழுந்து நின்றாள். “இன்னாடா சொன்னாரு?”

“எல்லாம் நார்மல்க்கா.”

இதுதான் என் பக்குவம். அம்மாவிடமும் மாமாவிடமும் மட்டும் உண்மையைச் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சி மனசு நோகக் கூடாது என்று மூவரும் ஒரு மனதாகத் தீர்மானம் போட்டோம். வயிறு யாருடையதோ அவளைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

குழந்தை பிறந்ததும் பால் குடிக்க முடியாமல் கத்தியது. அதற்கென்று தனி பாட்டில் உண்டு, பிடிக்கும் முறை உண்டு. யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. “கிரகணத்தன்னைக்கு மாடில துணி எடுக்கப் போனேனே, அதாலதான்” என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்று குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து ஆபரேஷன் டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டி, “அஞ்சாம் மாசமே தெரிஞ்சிருக்கே, உங்ககிட்ட சொல்லலையா?” என்று கேட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. பையன் இப்போது நிறுத்தாமல் பேசுகிறான். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த ஊரில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். அதிலும் சண்டை இல்லாமல் இல்லை. சீக்கிரமே தெரிந்தால் குறையுள்ள குழந்தைகளைக் கருவிலேயே சலித்துக் கழிப்பதாகிவிடாதா என்று பேப்பரில் எழுதுகிறார்கள். என்னோடு வேலை செய்பவனின் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். “சொல்லட்டும். ஆனால் சொல்லும் குரலிலேயே ‘வேண்டாம்’ என்று கேட்கக் கூடாது” என்பான் அவன்.

கவிதாவின் ஸ்கேன் அன்று ஸ்பீக்கர் போனில் வந்த மொழிபெயர்ப்பாளரின் குரல் யாழ்ப்பாணத் தமிழ். “பிள்ளையின்ர ஒரு பக்கச் சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருக்கு. கன பிள்ளையளுக்குத் தானாச் சரிவரும். இன்னொருக்கா பாக்கோணும்.” நானாக இருந்தால் அந்த முதல் வாக்கியத்தை விழுங்கியிருப்பேன், சத்தியமாக. கவிதாவோ நிதானமாகக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள்: சரியாகாவிட்டால் என்ன செய்வீர்கள், பிறந்ததும் எத்தனை நாளில் பார்ப்பீர்கள், வலிக்குமா. வலிக்குமா என்பது எனக்குத் தோன்றியே இருக்காது.

திரும்பும்போது டிராமில், “ஃபார்ம்ல தமிழ் ஆள் வேணும்னு தெரியாம டிக் பண்ணிட்டியா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சுதான் பண்ணேன். ஊர்லேர்ந்து கெளம்புறப்ப உங்க அக்கா சொல்லி அனுப்பிச்சாங்க. ஆஸ்பத்திரி பேப்பர அவன் படிச்சா மட்டும் நம்பாத, எதுவா இருந்தாலும் நார்மல்னுதான் சொல்லுவான்னு.”

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். “ஸ்கேன் முடிஞ்சுதா? இன்னா சொன்னாங்க?” என்றாள். அதற்குப் பதில் சொல்லாமல், “அக்கா, அன்னைக்கு உன்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்” என்றேன். முடிச்சூரில் அவள் மிக்ஸியை நிறுத்தினாள்.

“சரிடா. போன கவிதாகிட்ட குடு. அவ சொல்லட்டும்.”

கொடுத்தேன். முடிச்சூரும் நார்வேயும் நேருக்கு நேர் தமிழில் பேசிக்கொண்டன, நடுவில் நான் தேவைப்படாமல்.